தொட்டி நிலா

வீட்டில் பவளம் வளரும் கண்ணாடித் தொட்டிக்கு நிலா வெளிச்சம்போல ஒரு நீல விளக்கு. தினமும் பொழுது சாய்ந்ததும் அதைக் கப்பலிலிருந்து தன் போனிலேயே போடுவான் ரொசாரியோ. மனைவி ஜெசிந்தாவுக்கு, அவன் நன்றாக இருக்கிறான் என்பதற்கு அதுதான் சேதி. நான்கு நாளாக விளக்கு எரியவில்லை. அவனுக்குப் போனும் போகவில்லை.

"செவுத்துல சுவிட்சு இருக்குல்லா? நீயே போடேன்," என்றாள் மாமியார்.

"நான் போட்டுட்டா, அவுக போட்டது எனக்கு எப்படித் தெரியும் மாமி?"

ஐந்தாம் நாள் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தாள். கூடம் முழுக்க நீலம் அலையாடிக்கொண்டிருந்தது. தொட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்த மாமியார், "போட்டுட்டான், பாத்தியா?" என்றாள், திரும்பாமலே.

ஜெசிந்தா சுவிட்சு இருந்த சுவர்ப் பக்கம் பார்க்கவே இல்லை.