தொங்கின எஞ்சின்

"நானா, உங்களை ஒரு மனுசன் எண்டு நினைச்சனான்!"

பேணாட் கராஜுக்குள்ள கால் வைக்கமுன்னமே வாய் உள்ள போயிட்டுது.

மெக்கானிக் ஜவாஹிர் நானா நிமிரேல்லை. பேணாட்டின்ர கறுப்பு ஒஸ்ரின் கார் பொனற்றைத் திறந்தபடி நிண்டது. எஞ்சின் சங்கிலியில தொங்கிச்சுது.

வாடகைக்கு ஓடுற கார் அது. ஓடேக்க ஒரு குறையுமில்லை; ஸ்டாட்டில நிண்டா குளிர்காய்ச்சல்காரன் மாதிரி நடுங்கும். ஓர்ஸ் ஹில் சென்றியில மறிச்சு நிப்பாட்டேக்க அது நடுங்கின நடுக்கத்தில ஆமிக்காரன் பின்னுக்குப் பாய்ஞ்சு துவக்கை நீட்டிப்போட்டான். பிறகு நடுங்கினது காரோ பேணாட்டோ எண்டு ஆருக்கும் தெரியாது.

காருக்கு என்ன வருத்தம் எண்டு கண்டுபிடிச்சது நானாதான். பிரேக்கை மிதிச்சு, கியரில போட்டு, கிளச்சை மெல்ல விடச் சொன்னார். எஞ்சின் ஒரு பக்கம் துள்ளி எழும்பிச்சு.

"மவுண்டிங் றப்பர் கிழிஞ்சிட்டுது தம்பி. எஞ்சின் மெத்தையில்லாமல் வெறும் இரும்பில படுக்குது. றப்பர் கொழும்பில இருந்து வரோணும்."

அது போன கிழமைக் கதை.

"றப்பர் வந்திட்டுது! அந்தா, அலுமாரிக்கு மேல பெட்டி! பூட்ட அரை நாள் வேலை. என்ர காரைத் தொங்கப் போட்டிட்டு, என்ர ஹயரெல்லாம் உங்கட வான் வண்டியில ஓடுறீங்கள். நேற்று லிங்கநகர் ஆக்களை ஏத்தினதையும் கண்டனான்!"

"கத்து தம்பி. நல்லாக் கத்து."

அப்பத்தான் வாசல்ல ரெண்டு சைக்கிள் சாஞ்சுது. சறம் கட்டின மூண்டு பெடியள். சறத்துக்குள்ள துவக்கு. எந்தப் பக்கத்துப் பெடியள் எண்டு ஒருத்தரும் கேட்கிறேல்லை. எல்லாப் பக்கத்துத் துவக்கும் ஒரே மாதிரித்தான் சுடும்.

பேணாட்டோட வாடகைக்கு ஓடின சிவகுருநாதன்ர காரையும் இப்பிடித்தான் வந்து கொண்டு போனவங்கள். அது குண்டோட எங்கயோ வெடிச்சுது. நம்பரைப் பாத்து ஆமி சிவகுருநாதனைப் பிடிச்சது. ஆள் இன்னும் திரும்பேல்லை.

"கறுப்புக் கார் ஆரின்ர?"

"எ... என்ர."

"சாவி."

"எஞ்சினைக் கழட்டியெல்லோ வைச்சிருக்கு," எண்டார் நானா. "வந்த றப்பர் அளவில்லை. திரும்பக் கொழும்புக்கு அனுப்போணும். அதுக்குத்தான் இந்தாள் என்னைக் கிழிக்கிறார். ரோட்டுக்குக் கேட்டிருக்குமே?"

"கேட்டது."

ஒருத்தன் குனிஞ்சு, தொங்கின எஞ்சினை ஒருக்கா ஆட்டிப் பாத்தான். பேணாட்டின்ர முகத்தையும் பாத்தான்.

"அந்த வான்?"

"அது என்ர. ஓடும்."

சாவி கை மாறிச்சு. வான் துறைமுகப் பக்கம் திரும்பி மறைஞ்சுது.

பேணாட் கதிரையைப் பிடிச்சான். இப்ப அவன்ர ரெண்டு காலுக்கும் மவுண்டிங் இல்லை.

"நானா... இவங்கள் வருவாங்கள் எண்டு தெரியுமோ?"

"உன்ர காரைத்தான் விசாரிச்சுத் திரிஞ்சவங்கள். உனக்குச் சொன்னா உன்ர முகமே காட்டிக் குடுத்திடும்."

"அப்ப வானையும் கழட்டிப் போட்டிருக்கலாமே! அந்த நம்பர் உங்கட பேரிலயெல்லோ!"

நானா அலுமாரிக்கு மேல இருந்த பெட்டியை இறக்கி, புது றப்பரை எடுத்தார்.

"ரெண்டும் ஓடாதெண்டா நம்பியிருப்பாங்களோ, தம்பி?"