ஒற்றைக் காதில் ஒரு குரல்

“யாருண்ணே அது? வேலைக்கு வந்தாப் போதும், ஒத்தக் காதுல மாட்டிக்கிட்டுத் தன்னால சிரிக்கிறீங்க!”

“யாரோ ஒரு அம்மாடா. தினம் ஒரு புனிதரைப் பத்திச் சொல்றாங்க.”

“புனிதர் கதை கேட்டா பக்தி வரும். வெக்கமுமா வரும்? இருங்க, அண்ணி காதுல போட்டு வைக்கிறேன்!”

“ஐயையோ! உனக்குப் புண்ணியமாப் போகும், வாயைத் திறக்காதடா!”

விடுதிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பை ஆளுக்கொரு பக்கம் பிடித்து மடிக்கும்போது நெட்டையன் நேற்றுக் கேட்டது அது. பதில் சொல்லிச் சமாளித்தவனை அது இன்று காலை வரை உறுத்திக்கொண்டே இருந்தது. புனிதர் கதையை யாராவது திருட்டுத்தனமாகக் கேட்பார்களா?

“பால் பொங்கி வழியுது, மரம் மாதிரி நிக்கிறீங்களே!” மனைவி கத்தினாள். தொண்டை கட்டியிருந்தும் அதட்டலுக்குக் குறைச்சலில்லை. கத்திவிட்டு, வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கப் போனாள்.

அவளைக் குற்றம் சொல்ல அவனுக்கு வாயில்லை. கல்யாணமான புதிதில் எவ்வளவு பேசுவாள்! ‘காலங்காத்தால ரம்பத்தை ஆரம்பிச்சிட்டியா?’ என்று அவன்தான் அவள் வாயை அடைத்தான். அப்புறம் அந்த வீட்டில் மிஞ்சியது அதட்டல்தான்.

சலவைக்கூடத்துக்குள் நுழைந்ததும் கைப்பேசி அதிர்ந்தது. மாதா கோயில் பெண்களின் கைப்பேசிக் குழுவில் வரும் பேச்சுப் பதிவை அக்காதான் அவனுக்குத் தனியாக அனுப்புவாள். யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று அவளிடம் சத்தியமே வாங்கியிருந்தான்.

“அன்பு உள்ளங்களே...” குரல் இழைந்தது. “இன்னைக்குப் புனித பிரான்சிஸ் சலேசியார். முன்கோபக்காரர். வருஷக்கணக்கா தன்னோடயே போராடித்தான் சாந்தமானார். வெளியாளுங்ககிட்டப் பொறுமையா இருந்துடலாம்ங்க. வீட்டுலதான்...”

பேச்சு தடுமாறியது. ஒரு செருமல். பிறகு தொடர்ந்தது.

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. விரிப்பின் முனை கையிலிருந்து நழுவியது.

சாயங்காலம் வாசலிலேயே மனைவி மறித்தாள். கண்கள் சிவந்திருந்தன.

“நெட்டையன் பொண்டாட்டியைக் கடைத்தெருவுல பார்த்தேன். தினமும் எவ குரலையோ கேட்டுக் குழையறீங்களாமே! யாரு அவ?”

“அது வந்து...”

“குடுங்க இப்படி!”

கைப்பேசியைப் பிடுங்கினாள். காதில் மாட்டிக்கொண்டு அழுத்தினாள். மறுகணம், திறந்த வாய் திறந்தபடி நின்றது.

அவன் தலை குனிந்தான். இத்தனை வருஷமாகத் தொண்டைக்குழியில் சிக்கிக் கிடந்தது ஒருவழியாக வெளியே வந்தது.

“ஊருக்கெல்லாம் பேசுற உன்னோட இந்தக் குரல்ல, என்னையும் ஒரு தடவை கூப்பிடேன்மா!”