நாலு அமாவாசை

“அமாவாசைன்னா தறிக்குத்தான் லீவு. மாத்திரைக்குமா லீவு?”

கேட்டுவிட்டு மங்கையர்க்கரசி தம்பி பெண்டாட்டியையே பார்த்தாள். ஜெயப்ரியா மகள் ஜீவிதாவின் ஆஸ்பத்திரி ஃபைலைப் பையில் வைத்தாள்.

இந்த மாதத்தில் இதே கேள்வியை நாலைந்து தடவை கேட்டாகிவிட்டது. செவிலிமேட்டிலிருந்து டவுன் பஸ் பிடித்து வந்து கேட்டுவிட்டுப் போவாள். கேட்க வேண்டிய தம்பி மாணிக்கவேல் வாயைத் திறக்காமல் தறியில் உட்கார்ந்திருந்தால், வேறு யார் கேட்பது?

எட்டு வயது ஜீவிதாவுக்கு ரத்தப் புற்றுநோய். ஒன்றரை வருஷ வைத்தியத்தில் அடங்கியிருந்தது, போன மாதம் திரும்பிவிட்டது. ஏன் என்று வீடே விழித்தபோது ஜெயப்ரியா தானாகவே வந்து ஒப்புக்கொண்டாள். சாயங்காலம் தறிச் சத்தம் நின்றதும் மாத்திரை கொடுப்பது அவள் வழக்கமாம். அமாவாசையன்று தறி ஓடாது. ஓடினால்தானே நிற்கும்? அப்படி நாலு அமாவாசை மறந்துபோச்சாம்.

அன்றிலிருந்து மாணிக்கவேல் அவளோடு பேசுவதில்லை. போனில் அலாரம் வைத்திருக்கிறான். அது அடித்ததும் தறிக்குழியிலிருந்து எழுந்து, கையைக் கழுவி, மாத்திரையைத் தானே கொடுக்கிறான். “இனிமே ஒரு நாள் தப்பாதுடா கண்ணு, தீபாவளி முடிஞ்சதும் ஸ்கூலுக்குப் போலாம்” என்று மகளிடம் மட்டும் சொல்லுவான்.

ஆஸ்பத்திரிக்கு மட்டும் வரமாட்டான். ஊசியைப் பார்த்தால் தலை சுற்றும். அதனால் இந்த வாரம் மங்கையர்க்கரசி கூடப் போனாள். டாக்டரம்மாவை விட்டு இவளை நாலு வார்த்தை கேட்கவைக்க வேண்டும் என்பது அவள் எண்ணம்.

ஜீவிதாவை ஜெயப்ரியா ஊசி அறைக்கு அழைத்துப்போனதும், மங்கையர்க்கரசி டாக்டர் ஷாரோனிடம் நாலு அமாவாசைக் கதையை ஒன்று விடாமல் சொல்லி முடித்தாள்.

டாக்டர் ஃபைலைப் புரட்டினார்.

“மாத்திரை தவறிச்சுன்னு யார் சொன்னாங்க?”

“அவளேதான் சொன்னா.”

“காலி அட்டையை எண்ணிப் பார்த்துதான்மா அடுத்த மாச மாத்திரையே கொடுப்போம். ரத்தத்துல வெள்ளை அணுவும் மாசாமாசம் நாங்க சொன்ன அளவுலயே நின்னிருக்குது. இவ்ளோ ஒழுங்கா மாத்திரை கொடுத்த அம்மா இந்த வார்டுலயே ரெண்டு பேர் இருந்தா அதிகம்.”

“அப்ப ஏன் திரும்பிச்சு?”

“மருந்து கேக்கலை. சில குழந்தைங்களுக்கு அந்த நோய் மருந்துக்கே பழகிடும். யார் மேலயும் தப்பு இல்லை. வேற மருந்து ஆரம்பிச்சிருக்கோம். ஆனா இவ்ளோ சீக்கிரம் திரும்பினா, பத்துல மூணு பேர் தேறுறதே பெரிசு. போன மாசமே குழந்தையோட அம்மாவைத் தனியா உக்கார வெச்சுச் சொன்னேனே.”

மங்கையர்க்கரசி தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள்.

ஜெயப்ரியா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பஞ்சு ஒட்டிய கையை நீட்டியபடி ஜீவிதா அவள் மடியில் தூங்கிவிட்டிருந்தாள்.

“ஏன் பொய் சொன்னே?”

ஜெயப்ரியா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். பிறகு டாக்டர் அறைக் கதவைப் பார்த்தாள்.

“மருந்தே கேக்கலைன்னு சொல்லியிருந்தா அவர் அன்னிக்கே ஒடிஞ்சு படுத்திருப்பார் அண்ணி. நான் மறந்ததாலதான்னா, ஒழுங்கா கொடுத்தா சரியாயிடும்னு நெனச்சிக்கினு இருக்கார். அலாரம் அடிச்சா எழுந்து போறார். கொழந்தையும் அவர் மூஞ்சியைப் பார்த்துத்தான் முழுங்குது.”

மங்கையர்க்கரசி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஜெயப்ரியா குழந்தையின் தொப்பியைச் சரிசெய்தாள்.

“நீங்க திடீர்னு நிறுத்திட்டா அவருக்குத் தெரிஞ்சிடும். வீட்டுக்குப் போனதும் அவர் எதிர்ல எப்பவும்போல என்னைத் திட்டிடுங்க அண்ணி.”