ஃப்ரிட்ஜில் வைத்த அந்துப்பூச்சி

"ஃப்ரிட்ஜ்ல பால் எடுக்கக் கையை விட்டேன் சார். டப்பா உருண்டு மூடி கழண்டுக்கிச்சு. பூச்சி ஜன்னல் வழியா போயிடுச்சு," என்றாள் மனைவி.

இரண்டு பஸ் மாறி வந்திருந்த பூச்சி நிபுணர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். தன் மருந்துப் புட்டியை மேஜைமேல் வைத்தார். வரும்போதே அதன் பஞ்சில் மருந்தை ஊற்றிக்கொண்டு வருவார். பூச்சியை உள்ளே போட்டு மூடினால் கதை முடிந்தது. திறந்தால் வீடெல்லாம் நகப்பூச்சு வாடை.

கணவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அந்துப்பூச்சி இந்த வட்டாரத்தில் அற்றுப்போனது என்று கணக்கெடுப்பில் எழுதிவிட்டார்கள். இல்லை, இருக்கிறது என்று சொல்லிச் சொல்லியே தெருவில் கணவருக்குப் 'பூச்சி' என்று பேர் வந்துவிட்டது. மொட்டைமாடியில் வெள்ளைத் துணி கட்டி, விளக்கு வைத்து, கண் கெட்டதுதான் மிச்சம் என்றிருந்தபோது, நேற்று ஒன்று வந்து உட்கார்ந்தது.

அச்சு அசலாக அதே போல இன்னொரு சாதாரணப் பூச்சியும் உண்டு. போட்டோ செல்லாது. கொன்று, வயிற்றைத் திறந்து பார்த்தால்தான் நிச்சயம். "குளிர்ல வைங்க, மயங்கிக் கிடக்கும். நான் வந்து முடிக்கிறேன்," என்று நிபுணர் போனில் சொல்லியிருந்தார்.

காலையில் பார்த்தால், அதன் வயிறு முட்டையால் உப்பியிருந்தது. மூடியைத் திறந்துவிட்டது கணவர்தான்.

மனைவி பார்த்துவிட்டாள். "வேணும்னே விட்டீங்கன்னு அந்த சாருக்குத் தெரிஞ்சா, உங்களைக் கணக்கெடுப்புக் குழுவை விட்டே தூக்கிடுவாரு. என்னைன்னா நாலு திட்டு, அதோட போச்சு," என்று அப்போதே சொல்லிவைத்துவிட்டாள்.

நாலோடு போகவில்லை. "ஏம்மா, ஒரு டப்பாவைப் பத்திரமா வச்சுக்கத் தெரியாதா? ஆதாரம் இல்லை. அது அற்றுப்போனதாவே இருக்கட்டும்," என்றார் நிபுணர்.

கணவருக்கு உண்மை நாக்கு நுனிவரை வந்தது. மனைவி ஒரு பார்வை பார்த்தாள். விழுங்கிக்கொண்டார். இத்தனை வருஷ அலைச்சலும் போச்சு, அவளுக்குக் கெட்ட பேரும் ஆச்சு.

நிபுணர் எழுந்து ஜன்னலருகே போனார்.

"எந்தப் பக்கம் போச்சு?"

மனைவி எதிர்வீட்டு மரத்தைக் காட்டினாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றவர், சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கிவிட்டார்.

புட்டி மேஜையிலேயே இருந்தது.

"கூப்பிடுங்க அவரை," என்று அவசரமாக எடுத்தவள் கையில் மூடி கழன்று வந்தது. மூக்கைப் பொத்தப்போனவள் அப்படியே நின்றாள்.

"வாடையே இல்லைங்க."

கணவர் வாங்கிப் பார்த்தார். உள்ளே புதுப் பஞ்சு, ஒரு சொட்டு மருந்துகூடப் படாமல் காய்ந்து கிடந்தது.