ஓடைக்கு எந்தப் பக்கம்

"அல்ஸ்டரில் பிறந்ததற்கு அத்தாட்சி எங்கே?" என்று கேட்டேன்.

ஆல்பர்ட் பர்டி தன் அம்மாவை முன்னால் நிறுத்தினான். "இவங்கதான் ஐயா அத்தாட்சி."

டப்ளினில் நாங்கள் கையெழுத்து வாங்கிய நாள் அது. பிரிட்டனோடுதான் இருப்போம், அயர்லாந்துக்குத் தன்னாட்சி கொடுத்தால் ஏற்க மாட்டோம், எந்த வழியிலும் எதிர்ப்போம் என்று உறுதிமொழி. எந்த வழியிலும் என்றால் துப்பாக்கியும்தான். வடக்கே அல்ஸ்டரில் பிறந்தவர்கள் மட்டுமே போடலாம். மேசையில் நான், பாதிரியார் கில்ஃபில்லன், செயலாளர் டீக்கி. மூவருக்கும் விதிமுறை என்றால் உயிர்.

ஆல்பர்ட்டின் பிறப்புச் சீட்டு தொலைந்துவிட்டதாம். அம்மா பைபிள்மேல் கைவைத்துச் சொன்னால் போதும் என்றோம். பொய்யே பேசாதவள் என்று சபை முழுக்க அவளுக்குப் பேர்.

கிழவி கைவைத்தாள்.

"டண்டாக் சந்தைக்குப் போயிட்டு நியூரிக்குத் திரும்பிட்டிருந்தோம். குதிரை வண்டியிலயே வலி எடுத்துடுச்சு. அல்ஸ்டர் எல்லை ஓடைக்கு முன்னாடியே தலை வந்துடுச்சு. தாண்டின பிறகுதான் கால் வந்துச்சு."

போச்சு. ஓடைக்குத் தெற்கே அல்ஸ்டர் இல்லை.

"காலாவது நம்ம பக்கம் வந்துச்சே," என்றார் பாதிரியார்.

"காலாலயா கையெழுத்துப் போடுவான்?" என்று சீறினார் டீக்கி. "கை எங்கம்மா வந்துச்சு?"

கிழவி யோசித்தாள். "நட்ட நடுத் தண்ணியில, ஐயா."

கால் மணி நேரம் விவாதித்தோம். வரிசை வாசல்வரை நீண்டது. தலை எங்கேயோ ஆளும் அங்கேதான் என்று கடைசியில் பாதிரியார் தீர்ப்பளித்தார்.

"அம்மா, இந்தப் பக்கம்தான்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலையேன்!" ஆல்பர்ட் கெஞ்சினான். ஆறு மாதமாகக் கூட்டம் தவறாமல் போய்த் தொண்டை கிழியக் கத்தியவன்.

"வேதப் புத்தகத்து மேல கை வச்சிருக்கேன்டா."

அவன் தொப்பியைக் கசக்கிக்கொண்டு வெளியே போய்விட்டான். எனக்கே பாவமாக இருந்தது.

கிழவி மட்டும் போகாமல் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். எல்லாம் முடிந்ததும் நான்தான் கைபிடித்துப் படியிறக்கினேன்.

"பெத்த பிள்ளைக்காகக்கூட நீங்க பொய் சொல்லலையேம்மா," என்றேன்.

அவள் நின்றாள். "தாளெல்லாம் கட்டியாச்சா?"

"அரக்கு வச்சு, பெல்ஃபாஸ்ட் ரயில்லயும் ஏத்தியாச்சு."

"அவன் நியூரியில எங்க வீட்டுக்குள்ளதான் பொறந்தான். டண்டாக் சந்தையை நான் பார்த்ததே இல்ல. மூத்தவன் தென்னாப்பிரிக்காவுல போயர் சண்டையில செத்துட்டான். மிச்சம் இவன் ஒருத்தன்தான். இன்னிக்குக் கையெழுத்து, நாளைக்குத் துப்பாக்கி. எனக்கென்ன தெரியாதா?"

கையை விடுவித்துக்கொண்டு அவள் மெதுவாக நடந்தாள்.

என் பையன்கள் இருவரும் காலையில் முதல் ஆட்களாக வந்து கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பேனாவை மையில் தொட்டுக் கொடுத்தது நான்தான்.