நடுவில் ஒரு கை

மச்சான் செத்தபிறகு சவுண்டு மிக்ஸரின் முன்னால் உட்கார ஆளில்லை. சவுண்டுக்காரர் அதைப் போர்வையில் சுற்றிப் பரண்மேல் போட்டார். மைக்கைக் கம்ப்யூட்டரின் ஆடியோ பெட்டியில் செருகி, அங்கிருந்து ஒயரை நேராகப் பவர் ஆம்ப்ளிஃபையருக்கே இழுத்துவிட்டார்.

"நடுவுல ஒரு கை வேணாமாங்க? எவனாவது மைக்கைக் கடிக்கிற மாதிரி கத்தினா ஸ்பீக்கர் கிழிஞ்சிடுமே. எங்கண்ணன் இருந்தா விடுவாரா?" என்றாள் மனைவி.

"கிழிஞ்சா கிழியட்டும். என்னால முடியலை."

நாலு மாதம் கழித்து ஒரு கூட்டம். பேச வந்தவர் திடீரென்று தொண்டை கிழியக் கத்தினார். அரங்கின் மறுகோடியில் நின்ற சவுண்டுக்காரருக்கு ஓடத் தெம்பில்லை, கண்ணை மூடிக்கொண்டார்.

ஸ்பீக்கரில் சத்தம் பதமாக இறங்கியது. பேச்சாளர் அடங்கியதும் பழையபடி ஏறியது. போய்ப் பார்த்தார். கம்ப்யூட்டரில் சத்தத்தின் அளவு அவர் வைத்த இடத்திலேயே இருந்தது.

வீட்டுக்கு வந்து பரணில் போர்வையைப் பிரித்தார். மிக்ஸர் முழுக்கத் தூசி. மைக்கின் சத்தத்தை ஏற்றி இறக்கும் குமிழில் மட்டும் தூசி இல்லை. தொட்டார். வெதுவெதுப்பாக இருந்தது.

போர்வையை மறுபடி சுற்றவில்லை. மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது பரணைப் பார்த்துக் கொட்டாவி விட்டார்.

"மச்சான், இன்னிக்கு ரெண்டு மைக்கு. ரெண்டாவது ஆளு கத்துவான், பாத்துக்கோ."