ஓரகத்தியின் மாத்திரை

ஓரகத்திகள் இருவருக்கும் கர்ப்பத்தில் ரத்த அழுத்தம். ஆஸ்பத்திரி ஆராய்ச்சியில் சேர்ந்தார்கள். சிலருக்கு நிஜ மருந்து, சிலருக்கு வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எதுவென்று டாக்டருக்கே தெரியாது.

மூன்றே வாரத்தில் இளையவளின் கால் வீக்கம் வடிந்தது. ஏற்கெனவே இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த மூத்தவளுக்கு வயிறு எரிந்தது. காலையில் இளையவள் குளிக்கப் போன சமயம், இருவர் டப்பாவிலும் இருந்த மாத்திரைகளை மாற்றிவைத்தாள்.

சாயங்காலம் இளையவள் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, திட்டாதீங்க. நிஜ மருந்து எனக்குத்தான் வந்திருக்கு போல. உங்களுக்கு இந்தப் பிள்ளையாவது தங்கணும். அதான் மத்தியானம் நீங்க தூங்கறப்ப ரெண்டு டப்பா மாத்திரையையும் மாத்தி வெச்சுட்டேன்."

காலையில் எடுத்தது அத்தனையும் மறுபடி இளையவளிடமே போய்விட்டது! மூத்தவள் வாயைத் திறந்தாள், அழுகைதான் வந்தது.

"அழாதீங்கக்கா, எனக்கு ஒண்ணும் ஆகாது" என்றாள் இளையவள்.